வெளிச்சத்தில் விளைந்த காடு

கண்ணு,

காலையிலிருந்து உட்காருவதும் எழுவதுமாக இருக்கிறேன். களத்தில் மிளகு காய்கிறது. மேற்கே மேகம் கறுத்து நிற்கிறது. இறங்குமா கலையுமா என்று சொல்ல முடியவில்லை. ஒரு வரி எழுதுகிறேன், வானத்தைப் பார்க்க வெளியே போகிறேன், போன கையோடு மிளகைக் காலால் துழாவிவிட்டுத் திரும்புகிறேன். "ஏனுங்க, அந்த மிளகு வெயில்ல காயறதை விட உங்க கால்லதான் அதிகமாக் காயுது. புள்ளைக்கு எழுதறதை எழுதி முடிங்க" என்று உன் அம்மா அடுப்படியிலிருந்து குரல் கொடுக்கிறாள். எழுதி முடித்ததும் பக்கம் பக்கமாகப் போட்டோ எடுத்து உனக்கு அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறாள். தபாலில் போட்டால் நீ உன் கம்பெனிக்குப் பதில் சொல்ல வேண்டிய திங்கட்கிழமை தாண்டிப் போய்விடும். போனில் பேசலாமே என்று நீ கேட்பாய். போனில் நான் பேசும் லட்சணம் உனக்குத் தெரியாதா? சாப்பிட்டாயா என்பேன், அங்கே வெயிலா என்பேன், இந்தா அம்மாவிடம் பேசு என்று கொடுத்துவிடுவேன். இத்தனை வருடம் அப்படியே ஓட்டிவிட்டேன். இந்த முறை அப்படி ஓட்ட முடியாது.

உன் கம்பெனிக் கண்காட்சியோடு நீ வெளிநாடு போகலாமா வேண்டாமா என்று அம்மாவிடம் கேட்டிருக்கிறாய். முதலில் துபாய், அப்புறம் எங்கெங்கோ, ரெண்டு வருடத்துக்கு மேலேயே ஆகலாம் என்று சொன்னாயாம். "அப்பா என்ன சொல்றாருன்னு கேட்டுச் சொல்லுங்கம்மா, அவரு வேண்டாம்னா நான் போகலை" என்றும் சொன்னாயாம். இதைக் கேட்ட நாளிலிருந்து எனக்கு ஓர் இடத்தில் இருப்புக் கொள்ளவில்லை. குச்சிக்கிழங்குக் காட்டுக்குப் போனால் எதற்கு வந்தேன் என்பது மறந்துபோகிறது. நீ இப்படி என் தலையில் பாரத்தைத் தூக்கி வைத்துவிட்டாயே என்று உன் மேல் கோபமும் வந்தது. என்னைக் கேட்காமல் போயிருந்தால் அதைவிடப் பெரிய கோபம் வந்திருக்கும் என்பது வேறு விஷயம்.

முதலில் உனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நானும் அம்மாவும் சென்னைக்கு வந்தது உன் கண்காட்சியைப் பார்ப்பதற்காக மட்டும் இல்லை. நம் மலையிலேயே, வளப்பூர் நாட்டு ஊரிலிருந்து உன்னைப் பெண் கேட்டிருந்தார்கள். நமக்கு முறையான வீடு. பையன் பள்ளிக்கூட வாத்தியார், பார்க்கவும் லட்சணமாக இருக்கிறான், மலையிலேயே வேலை. பையனின் அப்பா சோளக்காட்டுச் சந்தையில் என்னைப் பார்த்துக் கேட்டபோது, புள்ளையைக் கூட்டிக்கொண்டு வருகிறேன், வந்து பாருங்கள் என்று நானே தலையாட்டிவிட்டேன். உன்னைக் கேட்காமல் தலையாட்டியது தப்புத்தான். நீ இந்த மலையிலேயே, பஸ்ஸில் போய்ப் பார்த்துவிட்டு வருகிற தூரத்தில் இருப்பாய் என்ற ஆசையில் தலை தானாக ஆடிவிட்டது. கண்காட்சியைப் பார்த்து முடித்ததும் வாசலில் வைத்தே உன்னிடம் சொல்லி, லீவு போட வைத்து, கையோடு கூட்டி வந்துவிட வேண்டும் என்பதுதான் என் திட்டம். வெளிநாட்டுச் சமாச்சாரத்தை நீயும் அன்றைக்குத்தான் சொல்வதாக இருந்தாயாம். அப்பாவும் மகளும் ஆளுக்கொன்றை மடியில் கட்டிக்கொண்டு நின்றிருக்கிறோம்.

அன்றைக்கு நீ எங்களை வாசலில் விட்டுவிட்டு, உள்ளே ஏதோ ஒரு ப்ரொஜெக்டர் மக்கர் செய்கிறது, சரிபார்த்துவிட்டு வருகிறேன் என்று ஓடினாய். ஓடுவதற்கு முன் விளக்கமும் சொன்னாய். எப்போதோ வாழ்ந்த ஒரு வெளிநாட்டு ஓவியர், பெயர் என் வாயில் நுழையவில்லை, காடு கழனியாக வரைந்து தள்ளியவர், அவருடைய படங்களைச் சட்டத்துக்குள் மாட்டாமல் நாலு சுவரிலும் தரையிலும் வெளிச்சமாக விடுகிறோம், நீங்கள் படத்துக்குள்ளேயே நடக்கலாம் என்றாய். கூரையில் தொங்குகிற அத்தனை ப்ரொஜெக்டரும் சேர்ந்து ஒரே படமாகத் தெரிய வேண்டும், ஒன்றின் படம் முடிந்து அடுத்தது தொடங்குகிற இடம் கண்ணுக்குத் தெரியக் கூடாது, அதுதான் உன் வேலை என்றாய். நான் அரைக் காதில்தான் கேட்டேன். வாத்தியார் பையன் பேச்சை எங்கே எப்படி ஆரம்பிப்பது என்று மனதுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தேன்.

உள்ளே ஒரே இருட்டு. அம்மா என் சட்டையைப் பிடித்துக்கொண்டு வந்தாள். திரையைத் தள்ளிக்கொண்டு இரண்டடி வைத்தோம், அப்படியே நின்றுவிட்டேன். என் காலடியிலிருந்து நாலு பக்கமும் விளைந்த காடு. கோதுமையாம், நீ அப்புறம் சொன்னாய். எனக்கு அது கதிர் முற்றிய பயிர், அவ்வளவுதான். காற்றில் சாய்ந்து நிமிர்கிறது, மஞ்சள் தரை முழுக்க ஓடுகிறது. விளைந்த சாமைக் காட்டுக்குள் செருப்போடு நம் ஊரில் யார் கால் வைப்பார்கள்? சின்ன வயதில் நீ ஒருமுறை பள்ளிக்கூடத்துச் செருப்போடு உள்ளே ஓடிவந்து, அம்மாவிடம் முதுகில் ஒன்று வாங்கியது நினைவிருக்கிறதா? நான் யோசிக்கவே இல்லை. கால் தானாகச் செருப்பைக் கழற்றிவிட்டது. பக்கத்தில் பார்த்தால் உன் அம்மாவும் கழற்றி, அதை ஓரமாக ஜோடி சேர்த்து வைத்துக்கொண்டிருக்கிறாள். நடுவில் போக இரண்டு பேருக்கும் மனம் வரவில்லை. கதிரை மிதிக்காமல், வரப்பில் போகிற மாதிரி, சுவரோரமாகவே போய் ஒரு மூலையில் நின்றுகொண்டோம்.

அதற்குப் பிறகு நடந்ததற்கு நான் பொறுப்பில்லை. எங்கள் பின்னால் வந்த குடும்பம் இரண்டு ஜோடிச் செருப்பைப் பார்த்தது. "ஓ, இங்க கழட்டணும் போல" என்று அந்த அம்மாள் சொல்ல, வீடே கழற்றியது. அவர்களைப் பார்த்து அடுத்து வந்தவர்கள் கழற்றினார்கள். ஷூ போட்ட ஒருவர் முணுமுணுத்துக்கொண்டே ஒற்றைக் காலில் நின்று சாக்ஸை உருவினார். "என்ன சார், கோயிலா இது?" என்று யாரோ கேட்டார்கள், கேட்டவரும் கழற்றிவிட்டுத்தான் வந்தார். நடந்தால் விளக்கு எரியுமே, அந்த மாதிரி ஒரு குழந்தைச் செருப்பு மேலே போய் விழுந்து மினுக்மினுக்கென்று எரிந்தது. கொஞ்ச நேரத்தில் வாசலை அடைத்துக்கொண்டு ஒரு குவியல். திருவிழாக் கூட்டம் தோற்றது.

எனக்கு அதைப் பார்த்துச் சிரிக்கவும் நேரமில்லை. அந்தக் காடு என்னைச் சும்மா நிற்க விடவில்லை, கண்ணு. பார்த்துக்கொண்டிருக்கும்போதே பயிர் பழுத்து நிறம் மாறுகிறது, வானம் கறுக்கிறது, தூரத்திலிருந்து காக்கைக் கூட்டம் கிளம்பிக் கதிர் மேல் வருகிறது. வரப்பும் இல்லை, காவலுக்குக் கொட்டாயும் இல்லை, அத்தனை பெரிய காட்டில் ஓர் ஆள்கூட இல்லை. மழை இறங்கப் போகிறது, யாராவது அறுக்க வாருங்களேன் என்று எனக்கு உள்ளங்கை அரிக்கிறது. காக்கையை விரட்டக் கையைத் தூக்கிவிட்டேன், வாயையும் திறந்துவிட்டேன். அம்மா தொடையில் ஒரு கிள்ளு கிள்ளினாள், அதனால் உன் மானம் தப்பித்தது. மற்றவர்கள் எல்லாம் தரையில் சாவகாசமாகச் சாய்ந்து உட்கார்ந்து போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். எப்படி அவர்களால் உட்கார முடிந்தது என்று எனக்கு இன்னும் ஆச்சரியம்தான்.

அப்போதுதான் உங்கள் மேனேஜர் அம்மாள் வந்தார். ப்ரொஜெக்டரைச் சரிபார்த்துவிட்டு வந்த உன்னிடம் குவியலைக் காட்டி ஏதோ கேட்டார். பாட்டுச் சத்தத்தில் ஒன்றும் என் காதில் விழவில்லை, அவர் முகம் கடுப்பாக இருந்தது மட்டும் தெரிந்தது. நீ குனிந்து போன் வெளிச்சத்தில் குவியலைக் கிளறினாய். வார் அறுந்து ஊக்குப் போட்ட என் செருப்பைக் கையில் எடுத்தாய். புதுச் செருப்பைப் போட்டுக்கொண்டு வாருங்கள் என்று அம்மா தலைப்பாடாக அடித்துக்கொண்டாள், நான்தான் கேட்கவில்லை. அந்த ஊக்கு அங்கே போய் என் மானத்தை வாங்கியது. அத்தனை பேர் நடுவில், மேனேஜர் முன்னால், பெற்றவர்களின் செருப்பைத் தேடி எடுக்கும்படி உன்னை வைத்துவிட்டேனே என்று எனக்கு உடம்பே கூசியது.

வெளியே வந்ததும் நீ கேட்டாய். "எப்படீங்கப்பா இருந்துச்சு?" உன் முகம் முழுக்க அந்தக் கேள்விதான் இருந்தது. நான் சொன்னேன்: "ஏசி நல்லா இருந்துச்சு." நீ சிரிக்கிற மாதிரி உதட்டை இழுத்தாய், அப்புறம் திரும்பி அம்மாவிடம் டீ வேண்டுமா என்று கேட்டாய். அதன் பிறகு என் முகத்தைப் பார்த்து நீ பேசவே இல்லை. பஸ் ஏற்றிவிட்டபோதும் ஜன்னல் வழியாக அம்மாவின் கையைத்தான் பிடித்தாய். வாத்தியார் பையன் பேச்சை நான் எடுக்கவில்லை, வெளிநாட்டுப் பேச்சை நீ எடுக்கவில்லை. ராசிபுரம் வரை உன் அம்மா என்னைத் திட்டிக்கொண்டே வந்தாள்.

இதோ, தூறல் விழுந்துவிட்டது. பேனாவை வைத்துவிட்டு ஓடி, நானும் அம்மாவுமாகத் தார்ப்பாயை இழுத்து மிளகை மூடிவிட்டு வந்திருக்கிறேன். மூடி முடித்ததும் தூறல் நின்றுவிட்டது. வானம் கூட என்னை வைத்து விளையாடுகிறது.

நாமக்கல்லில் உன்னை ஹாஸ்டலில் விடக் கூட்டிப் போன நாள் இப்போது அடிக்கடி நினைவுக்கு வருகிறது. மலைப்பாதை வளைவுகளில் பஸ் திரும்பத் திரும்ப நீ வாந்தி எடுத்தாய். ஒவ்வொரு வளைவிலும் நான், "வேண்டாம்னா சொல்லு சாமி, எறங்கி ஊட்டுக்குப் போயிரலாம்" என்றேன். நீ தலையை மட்டும் ஆட்டினாய், இறங்க வேண்டாம் என்று. நான் கேட்டதை நிறுத்தவில்லை. கடைசியில் அடிவாரத்தில் வாயைத் துடைத்துக்கொண்டு, "உங்களுக்கு ஊட்டுக்குப் போகோணும்னா நீங்க போங்கப்பா, நான் கண்டக்டரோட போய்க்கறேன்" என்றாயே, பஸ்ஸே சிரித்தது. நானும் சிரித்தேன். சிரித்தாலும் உள்ளே சுருக்கென்றது, ஏனென்றால் நீ சொன்னது உண்மை. திரும்பிப் போக வேண்டும் என்று தவித்தது நான்தான். இப்போதும் அதே வேலையைத்தான் செய்யப் பார்த்திருக்கிறேன், வளைவுக்குப் பதிலாக வாத்தியார் பையன்.

இன்னொன்றும் சொல்கிறேன். ஆடித் திருவிழாவில் திரை கட்டிப் படம் போடுவார்கள். உன்னைத் தோளில் தூக்கி வைத்திருப்பேன். ஊரே திரையைப் பார்க்கும், நீ மட்டும் பின்னால் திரும்பிக்கொண்டு, மிஷினிலிருந்து வருகிற வெளிச்சத்தில் தூசி பறப்பதைப் பார்ப்பாய். கழுத்தை நீ ஒரு பக்கம் முறுக்க, தோள் எனக்கு விண்ணென்று வலிக்கும். "படம் அங்க ஓடுது, நீ எங்க பாக்கற?" என்று உன் தாடையைப் பிடித்துத் திருப்பிவிடுவேன். நீ மறுபடியும் பின்னால் திரும்புவாய். எத்தனை தடவை திருப்பியிருப்பேனோ. நீ எதைப் பார்க்கிறாய் என்று ஒரு தடவையாவது நானும் திரும்பிப் பார்த்திருக்கலாம்.

நேற்றுச் சோளக்காட்டுச் சந்தைக்குப் போனேன். பழக்கடைப் பக்கம் பையனின் அப்பா பிடித்துக்கொண்டார். "என்னங்க மச்சான், புள்ளை எப்ப வருது?" என்றார்.

"வரலைங்க. வேலையா வெளிநாடு போகுதுங்க" என்றேன். சொல்லிவிட்டு நானே திடுக்கிட்டேன். உனக்கே நான் சொல்லவில்லை, அவரிடம் சொல்லிவிட்டேன்.

"அப்ப பையனுக்கு வேற எடம் பாக்கட்டுங்களா?"

"பாருங்க. தலையாட்டினது என் தப்புங்க. மனசுல வெச்சுக்காதீங்க."

அவர் முகம் சுருங்கிவிட்டது. நல்ல மனிதர்தான், கோபத்தை அடக்கிக்கொண்டு, "அப்படி என்ன வேலைங்க அது?" என்று கேட்டார். நான் ஆரம்பித்தேன். "கூரையில இருந்து வெளிச்சம் உடறாங்க. ஒரு வெளிச்சம் முடியற எடத்துல இன்னொண்ணு வந்து சேரோணும். சேந்த எடம் தெரியக் கூடாது. அதை எம்புள்ளை பாத்துக்கறா" என்றேன். அரைக் காதில் கேட்டது எப்படி அப்படியே வந்தது என்று தெரியவில்லை. அப்புறம் என் வாய் நிற்கவில்லை. அந்தக் காடு எப்படிப் பழுத்தது, வானம் எப்படிக் கறுத்தது, காக்கை எப்படி வந்தது, அதில் நான் எப்படித் தவித்தேன், எல்லாவற்றையும் சொன்னேன். பலாப்பழக்காரரும் வியாபாரத்தை விட்டுவிட்டுக் கேட்டார். எல்லாம் கேட்டு முடித்துவிட்டு உன் மாமனாராக வர இருந்தவர், "வெளைஞ்ச காடுங்கறீங்க. செருப்பு?" என்றார்.

"கழட்டிட்டேங்க."

"அது செரி" என்றார், மிகவும் திருப்தியாக.

பேசிய பேச்சில் நான் வர வேண்டிய பஸ் போய்விட்டது. அடுத்த பஸ்ஸுக்காக யாரோ போட்டு வைத்திருந்த மிளகு மூட்டை மேல் உட்கார்ந்திருந்தபோதுதான் உறைத்தது. வாசலில் வைத்து உன்னிடம் சொல்லியிருக்க வேண்டிய அத்தனையையும் சம்பந்தமே இல்லாமல் போன ஒரு சம்பந்தியிடம் சொல்லித் தீர்த்திருக்கிறேன். எனக்கு அழுகை வந்துவிட்டது, கண்ணு. மூக்கைச் சிந்துகிற மாதிரி சமாளித்தேன்.

அவரிடமும் சொல்லாத ஒன்று இருக்கிறது. உன் அம்மாவுக்கும் தெரியாது, அவள் காக்கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். என் செருப்பையும் அம்மா செருப்பையும் கையில் எடுத்தாய் இல்லையா, எடுத்துக்கொண்டு எங்களிடம் வரக் கிளம்பினாய். மேனேஜர் உன் பக்கத்திலேயே நிற்கிறார். தினமும் அந்தத் தரையில் ஷூவோடு நடந்து வேலை பார்க்கிறவள் நீ. அது வெறும் வெளிச்சம் என்று உன்னைவிட நன்றாக யாருக்குத் தெரியும்? நீ காட்டின் ஓரத்தில் நின்றாய். எங்கள் செருப்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு குனிந்து, உன் ஷூவின் நாடாவை அவிழ்த்தாய். கழற்றி, அம்மா வைத்த மாதிரியே ஜோடி சேர்த்து ஓரமாக வைத்தாய். அப்புறம் வெறுங்காலோடு, நடுவில் கால் வைக்காமல், சுவரோரமாக எங்களிடம் வந்தாய். கதிர் உன் பாதத்தின் மேல் ஆடிக்கொண்டிருந்தது.

அதைப் பார்த்த பிறகு என் வாயில் எப்படிப் பேச்சு வரும்? வாத்தியார் பையன், லீவு, கையோடு கூட்டி வருவது, ஒத்திகை பார்த்தது அத்தனையும் போய்விட்டது. தொண்டையில் வந்து நின்றது ஒன்று, வாயில் வந்தது ஏசி. உன் அப்பன் அப்படிப்பட்ட ஆள், அதற்கு நான் என்ன செய்ய?

நீ போக வேண்டாம் என்று என் மனதில் ஒரு பாதி இப்போதும் அடம்பிடிக்கிறது, அதை மறைக்க மாட்டேன். நீ அங்கே எந்த ஊரில் இருந்தாலும் இங்கே நான் இப்படித்தான் வாசலுக்கும் களத்துக்கும் நடந்துகொண்டிருப்பேன். அது என் சுபாவம், நீ அதற்காக ஒன்றும் குறைத்துக்கொள்ள வேண்டியதில்லை. சாப்பாட்டு நேரத்துக்குச் சாப்பிடு. குளிர் ஊரில் காலுக்குக் கெட்டியாகப் போட்டுக்கொள், எங்களை மாதிரி எல்லா இடத்திலும் கழற்றிக்கொண்டிருக்காதே. கல்யாணம் பண்ண மனம் வந்தால் நீயே சொல், இனி சந்தையில் யார் கேட்டாலும் தலையாட்ட மாட்டேன். போனில் நான் அம்மாவிடம் கொடுக்கப் போனால், கொடுக்காதீர்கள் என்று அதட்டு. ஹாஸ்டலுக்குப் போன அன்றைக்குப் பஸ்ஸில் அதட்டினாயே, அந்த மாதிரி.

வானம் வெளுத்துவிட்டது. தார்ப்பாயை எடுக்க வேண்டும், அம்மா கூப்பிடுகிறாள். உன் கம்பெனிக்குத் திங்கட்கிழமை வரை காத்திருக்காமல் இன்றைக்கே சொல்லிவிடு. வாசலில் நின்று நீ கேட்டாயே, அதற்கும் இப்போது பதில் சொல்லிவிடுகிறேன்.

நல்லா இருந்துச்சு, சாமி. போயிட்டு வா.

அப்பா